இராமானுஜன் தவறவிட்ட எண்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியிற் பயணஞ் செய்தவர்கள் வரக்காப்பொல நகரை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். ஊரின் பெயர் மறந்துபோனாலும் அதன் சுவை நாவில் நிற்கும். வீதியோரக் கடைகளிலே காகிதத்திற் சுற்றி அடுக்கி வைத்திருக்கும் எள்ளுருண்டையையே சொல்கிறேன். சிங்கள மக்கள் அதனைத் 'தலகுளி' என்பர். கணிதம் பற்றிய இக்கட்டுரை அந்த எள்ளுருண்டையிலேதான் தொடங்குகிறது.

விடுமுறைக் காலத்தில், சுற்றுப்புறத்து இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்குக் கணிதம் கற்பிப்பது என் வழக்கம். வகுப்பு முடிவில் அவர்களுக்குக் கொடுப்பதற்காக வாரந்தோறும் 24 எள்ளுருண்டைகள் வாங்கிச் செல்வேன். முதல் வாரம் எட்டுப் பேர் வந்திருந்தனர்; ஆளுக்கு மூன்று கிடைத்தது. அடுத்த வாரம் மழை, ஆறு பேரே வந்தனர், ஆளுக்கு நான்கு. மூன்றாம் வாரம் பன்னிருவர், ஆளுக்கு இரண்டு. நான்காம் வாரம் மறுபடியும் எட்டுப் பேர். ஆனால் பொதியை அவிழ்க்கும்போது ஓர் உருண்டை கைதவறிச் சேற்றில் விழுந்துவிட்டது. எஞ்சியவை 23. எப்படிப் பங்கிட்டாலும் மிச்சம் நின்றது. அப்பொழுது ஒரு சிறுமி கேட்டாள்:

"சேர், இருபத்து நாலு, எத்தனை பேர் வந்தாலும் பங்கு குடுத்துச்சு. இருபத்து மூணு யாருக்குமே ஒழுங்காப் பங்கு குடுக்க மாட்டேங்குது. ரெண்டுக்கும் ஒண்ணுதானே வித்தியாசம்?"

சிறுமியின் இக்கேள்விக்குள்ளே கணிதத்தின் ஒரு பெரும் பகுதியே அடங்கியிருக்கிறது. ஓர் எண்ணின் பெருமை அதன் பருமனில் மட்டும் இல்லை. அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. இதனை விளக்குவதற்கு ஒரு பேரெண்ணை இன்று வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன்.

பங்கு கொடுக்கும் எண்கள்

24 என்னும் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டாகும். இவற்றைக் காரணிகள் என்று பாடசாலையிற் படிக்கிறோம். 23-க்கோ 1, 23 என இரண்டே காரணிகள். இவ்வாறு ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண்ணை முதன்மை எண் என்பர். தமிழகத்திலே பகா எண் என்பர்.

24-க்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதற்கு முன்னுள்ள எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை. தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும் விடக் கூடுதலான காரணிகளைப் பெற்ற எண்ணை 'மிகப் பகு எண்' என்று அழைக்கலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவ்வரிசை தொடர்கிறது.

இவ்வெண்களுள் பல நமக்கு முன்பே பழக்கமானவை என்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கு மாதம் 12. நாளுக்கு மணித்தியாலம் 24. பழந்தமிழர் கணக்கில் நாளுக்கு நாழிகை 60. பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுகள் 60. வட்டத்திற்குப் பாகை 360. பத்து என்னும் எண் விரல்விட்டு எண்ணுவதற்கு வசதியானது. ஆயினும் அதனை மூன்றாகவும் பங்கிட முடியாது. நான்காகவும் பங்கிட முடியாது. பன்னிரண்டையும் அறுபதையும் அவ்வாறு பங்கிடலாம். கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலில், ஓர் இலட்சிய நகருக்கு 5040 குடும்பங்கள் இருத்தல் வேண்டும் என்று வகுத்தார். அவ்வெண் ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும். நிலத்தைப் பங்கிடவும் மக்களை அணிவகுக்கவும் அது ஏற்றது என்பது அவர் கருத்து. 5040-உம் ஒரு மிகப் பகு எண்ணே. அதன் காரணிகள் 60. இந்த 5040-ஐ நினைவில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் அது மீண்டும் வரும்.

இராமானுஜனின் பட்டியல்

இவ்வெண்களுக்குத் தனியொரு சாத்திரமே வகுத்தவர் நம் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். 1887-ஆம் ஆண்டு டிசெம்பர் 22-ஆம் திகதி ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டதனால், கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் கிடைத்த உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கடதாசி வாங்க வசதியின்றிச் சிலேட்டிலே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதியவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே அவரை அடுத்த ஆண்டு இங்கிலாந்திற் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இராமானுஜன் என்றதும் 1729 என்னும் வாடகைக் கார் இலக்கமே பலருக்கு நினைவு வரும். இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று, நோய்ப் படுக்கையில் இருந்தவாறே அவர் ஹார்டியிடம் கூறினார். அக்கதை இனிமையானதே. எனினும் அவருக்குக் கேம்பிரிட்ஜ்ப் பட்டம் பெற்றுத் தந்தது அதுவன்று. 1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் மிகப் பகு எண்களைப் பற்றி அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரை ஒன்றை அவர் வெளியிட்டார். அவ்வாராய்ச்சிக்காகவே 1916 மார்ச் மாதத்தில் பி.ஏ. பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. எஃப்.ஏ. தேறாதவர் ஆராய்ச்சியினாற் பட்டதாரியானார்!

அக்கட்டுரையில் மிகப் பகு எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் 102 எண்கள் உள. கடைசி எண் 6,746,328,388,800. நம் வழக்கில் ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. கணனியோ கணிபொறியோ இல்லாத காலத்தில், பேனாவும் காகிதமும் கொண்டு அவர் அவ்வளவு தூரம் நடந்து சென்றார். அடுத்தடுத்த மிகப் பகு எண்களைக் கண்டறியச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தாம் அறியவில்லை என்று அக்கட்டுரையிலேயே எழுதியும் வைத்தார்.

அந்நெடிய பயணத்தில் ஓர் எண் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

விடுபட்ட எண்

அந்த எண் 293,318,625,600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. வினாடிக்கு ஒன்று வீதம் இரவு பகல் உறங்காமல் எண்ணினால் இதனை எண்ணி முடிக்க 9290 ஆண்டுகளுக்கு மேற் செல்லும்.

எண்ணி முடிக்க இயலாத இவ்வெண்ணை ஒரு வரியில் எழுதிவிடலாம் என்பதே விந்தை:

64 × 81 × 25 × 49 × 11 × 13 × 17 × 19

64 என்பது ஆறு இரண்டுகளின் பெருக்கம். 81 என்பது நான்கு மூன்றுகளின் பெருக்கம். 25-இல் இரண்டு ஐந்துகள். 49-இல் இரண்டு ஏழுகள். 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறை. முதன்மை எண்களை வரிசையாக எடுத்து, சிறியவற்றை அதிகமாகவும் பெரியவற்றைக் குறைவாகவும் சேர்த்துக் கட்டிய மாளிகை இது.

சிறியன ஏன் அதிகமாக இருத்தல் வேண்டும்? 18-ஐயும் 12-ஐயும் பாருங்கள். 18 என்பது 2 × 3 × 3. 12 என்பது 2 × 2 × 3. இரண்டுக்கும் காரணிகள் ஆறே. மூன்றை இருமுறை வைத்துக் கட்டியது பெரிதாயிற்று. இரண்டை இருமுறை வைத்துக் கட்டியது சிறிதாயிற்று. ஆகவே 12 மிகப் பகு எண், 18 அன்று. அளவறிந்து செலவு செய்யும் இல்லத்தரசியைப் போல, குறைந்த பொருளில் அதிகப் பயனை எடுப்பதே மிகப் பகு எண்ணின் இரகசியம். கடைசியாகச் சேரும் முதன்மை எண் ஒரு முறைக்கு மேல் வாராது என்பதையும், 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே அதற்கு விலக்கு என்பதையும் இராமானுஜன் நிறுவினார். நமது எண்ணிலும் கடைசியான 19 ஒரு முறையே வந்திருக்கிறது.

இனி, இவ்வெண்ணுக்குக் காரணிகள் எத்தனை? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு காரணியை அமைக்கும்போது, ஆறு இரண்டுகளில் ஒன்றையும் எடுக்காமல் விடலாம். அல்லது ஒன்று முதல் ஆறு வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். மூன்றுகளை எடுக்க ஐந்து வழிகள். ஐந்துகளுக்கு மூன்று; ஏழுகளுக்கு மூன்று. 11, 13, 17, 19 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டிரண்டு வழிகள். இவற்றைப் பெருக்குவோம்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

பிளேட்டோவின் 5040 இதோ மீண்டும் வந்துவிட்டது! விடுபட்ட மிகப் பகு எண்ணின் காரணிகளுடைய தொகையும் ஒரு மிகப் பகு எண்ணாக இருத்தல் என்னே அழகு! இவ்வெண்ணை ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எந்த எண்ணாலும் மிச்சமின்றி வகுக்கலாம். இருபத்து மூன்றினால் மட்டும் முடியாது. அன்று எங்கள் வகுப்பைத் தடுமாற வைத்த அதே இருபத்து மூன்று.

பட்டியலில் இவ்வெண்ணின் அயலாரைப் பார்த்தால் மற்றொரு செய்தி புலனாகும். இதற்கு முந்தியது 240,940,299,600. அதன் காரணிகள் 4800. இதற்குப் பிந்தியது 321,253,732,800. அதன் காரணிகள் 5376. அவ்விரண்டிலும் 23 ஒரு காரணியாக நுழைந்துவிட்டது. பின்வரும் எண்கள் அனைத்திலும் அது தொடர்ந்து நிற்கிறது. அவ்விரண்டுக்கும் நடுவே, 23 இல்லாமல் 19-உடனே நின்றுகொண்டு, மூன்றையும் ஏழையும் கூடுதலாகச் சேர்த்துத் தன் தகுதியைக் காத்துக்கொண்ட எண்ணே விடுபட்டது. ஊர்வலம் முன்னே சென்றுவிட்ட பின் தனியே பின்தங்கி வரும் முதியவரைப் போன்றது அது.

இன்னுமொரு வியப்பு. விடுபட்ட எண்ணை 23-ஆற் பெருக்கிப் பாருங்கள்.

293,318,625,600 × 23 = 6,746,328,388,800

இராமானுஜன் தம் பட்டியலை முடித்துவைத்த கடைசி எண்ணே இது! அதன் காரணிகள் 5040-இன் இரு மடங்கான 10,080. அது ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எல்லா எண்களாலும் வகுபடும். பட்டியலின் இடையில் எழுத மறந்த விருந்தினரின் பெயர், நூற்றிரண்டாவது விருந்தினரின் பெயருக்குள்ளேயே ஒளிந்திருந்தது போல, தவறவிட்ட எண் கடைசி எண்ணின் வயிற்றுக்குள்ளே இருந்தது.

சிவப்பு மை

இச்செய்தியை நான் முதன்முதலாக அறிந்தபோது மகிழ்ச்சியோடு ஒரு வெட்கமும் உண்டாயிற்று. அதன் காரணத்தைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவனாயிருந்த காலம். தவணைப் பரீட்சையில் 360-இன் காரணிகள் அனைத்தையும் எழுதுமாறு ஒரு வினா கொடுத்திருந்தேன். இரப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வந்து படித்த மாணவன் ஒருவன் அரைப்பக்கம் நிறைய எழுதியிருந்தான். விடைகள் 24 இருத்தல் வேண்டும். அவன் எழுதியவை 23. நாற்பத்தைந்தை மட்டும் விட்டுவிட்டான். 'அனைத்தையும்' என்று கேட்டதற்கு அனைத்தும் வரவில்லை என்று கூறி, சிவப்பு மையால் அரைப்பக்கத்தையும் குறுக்கே வெட்டிப் பூச்சியம் இட்டேன். கணிதத்தில் சரி அல்லது பிழை என்ற இரண்டுதான் உண்டு. நடுவில் ஒன்றுமில்லை என்பது அக்காலத்தில் என் எண்ணம்.

சில நாட்களின் பின் அவன் தகப்பனார் வந்தார். அதிகாலையிலேயே பால் வெட்டி முடித்து, இரப்பர்ப் பால் காய்ந்த கையோடு, வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பையனுக்குக் கணக்கு வராதுங்களா, சேர்?" என்று கேட்டார். "வராதுன்னா சொல்லிருங்க. கொழும்புல கடையிலே ஒரு வேலை இருக்குன்னு சொல்றாங்க."

முயன்றால் வரும் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அவர் கேட்டதற்கு அது விடையாகாது. இருபத்து நான்கில் இருபத்து மூன்றைக் கண்டவனுக்குக் கணக்கு வரும் என்று நான் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த தவணையில் அவன் இடம் வெறுமையாயிருந்தது.

அப்பிள்ளைக்கு நான் கற்பித்திருக்க வேண்டியது மிக எளிய ஓர் உபாயம். காரணிகள் சோடி சோடியாகவே வரும். 360-க்கு ஒன்றின் சோடி 360. இரண்டின் சோடி 180. மூன்றின் சோடி 120. இவ்வாறு பன்னிரண்டு சோடிகள். அவன் பட்டியலில் எட்டு இருந்தது. எட்டின் சோடி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நாற்பத்தைந்தை அவனே கண்டுபிடித்திருப்பான். பிழையைச் சுட்டிக் காட்டுவதற்குப் பதிலாக, பிழையைத் தேடும் வழியைக் காட்டியிருக்கலாம்.

பிழையைப் பிழையென்று சொல்லக் கூடாது என்பது என் கருத்தன்று. பாலம் கட்டுவோர் கணக்கிலும் மருந்து அளப்போர் கணக்கிலும் பிழைக்கு மன்னிப்பில்லை. இராமானுஜன் பட்டியலில் ஓர் எண் இல்லை என்பதைக் கணித உலகம் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அதன் பொருட்டு அக்கட்டுரையை யாரும் குறுக்கே வெட்டவில்லை. போர்க்காலப் பணமுடையால் 1915-இல் அச்சேறாமல் நின்றுபோன அதன் எஞ்சிய பகுதியை, பிரெஞ்சுக் கணித அறிஞர்களான நிக்கோலாஸ், ரொபின் ஆகிய இருவர் குறிப்புகளோடு பதிப்பிக்க, 1997-இல் அது வெளிவந்தது. எண் ஒன்று தப்பியது, வழி தப்பவில்லை. அவர் காட்டிய வழியைப் பின்பற்றியே இன்று ஒரு மாணவன் கூட அந்த எண்ணைச் சரிபார்த்து அதற்குரிய இடத்தில் அமர்த்தலாம். இன்றைய கணனி கண்ணிமைப்பதற்குள் அதனைக் கண்டுவிடும் என்பதும் உண்மையே. ஆயினும் எதைத் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர், 32-ஆம் வயதில், 1920-இல் நம்மை விட்டு நீங்கிய அந்தக் கும்பகோணத்துப் பிள்ளைதான்.

இப்பொழுதெல்லாம் விடைத்தாளைத் திருத்தும்போது, பிழை எவ்வரியில் நேர்ந்தது என்று தேடி, அதுவரை உள்ள சரியான வரிகளுக்குப் புள்ளி இட்ட பின்னரே சிவப்பு மையை எடுக்கிறேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திற்கு அஞ்சி நிற்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர், இருபத்து மூன்று காரணிகளைக் கண்டும் கணக்கு வராதவர் என்று பெயர் வாங்கியவர்களோ! பெற்றோர்களும் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பிள்ளையின் விடைத்தாள் வீட்டுக்கு வரும்போது எத்தனை புள்ளி என்று கேட்பதோடு நில்லாமல், எந்த வரி வரைக்கும் சரியாக வந்தாய் என்றும் கேளுங்கள்.

அன்று கேள்வி கேட்ட சிறுமிக்கு விடை சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். மேலே சொன்னவற்றை அவளுக்கு விளங்குமாறு கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இருபத்து மூணும் நல்ல நம்பர்தான், சேர். அது போய்ச் சேந்தாத்தானே கடைசி நம்பர் வருது" என்றாள். எனக்குத் தோன்றாத வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமையாதலால் வாசகர் இல்லங்களுக்கும் ஒரு சிறு வேலை தருகிறேன். 720 என்பதும் மிகப் பகு எண். அதன் காரணிகள் 30, சோடிகள் 15. பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாயிருந்து எழுதிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் தாளைக் கிழித்துவிடாதீர்கள். சோடியில்லாமல் நிற்கும் எண் எது என்று தேடுங்கள். அதுவே விடுபட்டதைக் காட்டிக் கொடுக்கும்.

கொழும்புக் கடைக்குச் சென்ற என் பழைய மாணவன் கண்ணில் இப்பத்திரிகை படுமாயின் அவனுக்கும் ஒரு வார்த்தை: தம்பி, எட்டின் சோடி நாற்பத்தைந்து. மற்ற இருபத்து மூன்றும் சரி.